வீட்டில் அச்சிடுவதா, லேபில் கொடுப்பதா? ஒரு வரவு செலவுக் கணக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. சங்கத்துப் பொது நிதியில் ஒரு கலர் பிரிண்டர் வாங்கி ஆபீஸ் ரூமில் வைத்தால், செல்போனில் எடுக்கிற குடும்பப் படங்களை எல்லாரும் மலிவாகப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். உடனே செயலாளர் என் பக்கம் திரும்பி, "சார் பேங்க்ல இருந்தவங்க, ஒரு எஸ்டிமேட் போட்டுச் சொல்லட்டும்" என்று முடித்துவிட்டார். ஆகவே இது பேச்சு என்பதைவிட ஒரு தணிக்கை அறிக்கை. தணிக்கை செய்யப்படுவது என் வீட்டுக் கணக்குத்தான்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், 2019ல், ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினேன். விலை 14,500 ரூபாய். அதற்கென்று தனி நோட்டுப் போட்டு ஒவ்வொரு படத்தையும் பதிந்து வைத்தேன். பழக்க தோஷம். ஆறுக்கு நாலு அளவில் ஒரு படத்துக்குப் பளபளப்புப் பேப்பர் 3 ரூபாய், இங்க் சுமார் 2 ரூபாய், கோணலாக வந்து வீணாவதற்கு 50 காசு. ஆக 5 ரூபாய் 50 காசு. அப்போது லேபில் அதே அளவுக்கு 10 ரூபாய் கேட்டார்கள். படத்துக்கு 4 ரூபாய் 50 காசு மிச்சம் என்று உச்சி குளிர்ந்து போனேன்.

பி.காம். படித்தவன் ஒன்றை மறந்துவிட்டேன். தேய்மானம். முதல் வருஷம் ஆசையில் 290 படம் போட்டேன். இரண்டாம் வருஷம் 85. மூன்றாம் வருஷம் 35. அதற்குப் பிறகு பிரிண்டர் நின்றுவிட்டது. இங்க் பிரிண்டரைச் சும்மா வைத்திருந்தால் ஹெட்டில் இருக்கிற மிக நுண்ணிய துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க 'கிளீனிங்' கொடுத்தால், பேப்பருக்குப் போகவேண்டிய மை அடியில் இருக்கிற பஞ்சுக்குப் போகும். நம் வள்ளியூர் ஆனி ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிறது. மிச்சம் நம் ஜன்னல் வழியாகத் தூசியோடு உள்ளே வருகிறது. பேப்பர் டிரேயில் விழுந்த தூசி கோடு கோடாகப் படத்தில் தெரியும்.

கூட்டிப் பார்த்தேன். மூன்று வருஷத்தில் 410 படம். பிரிண்டர் 14,500, படச் செலவு 2,255, மொத்தம் 16,755 ரூபாய். ஒரு படத்துக்கு அடக்கம் கிட்டத்தட்ட 41 ரூபாய். லேபில் கொடுத்திருந்தால் 4,100 ரூபாயில் வேலை முடிந்திருக்கும். திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ போய்வர பஸ் சார்ஜ் சேர்த்தாலும் அந்த 16,755ஐ எட்டாது.

சரி, தனி வீட்டுக்கு நஷ்டம். சங்கத்துக்கு? அதையும் போட்டுப் பார்த்தேன். பிரிண்டர் ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்தால் வருஷத் தேய்மானம் 2,900. படத்துக்கு 4.50 மிச்சம் என்றால், வருஷத்துக்கு 645 படம் போட்டால்தான் முதல் தேறும். நம்மிடம் 24 வீடு. வீட்டுக்கு 30 படம் என்றால் 720 ஆகிவிடுகிறது. ஆகவே பேப்பர் கணக்குப்படி சங்கத்துக்குப் பிரிண்டர் லாபம். இதை நான் மறைக்கக் கூடாது.

இருந்தும் குடும்பப் படங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன். காரணம் நோட்டில் ஏறாத ஒரு செலவு.

ஸ்ரீவைகுண்டத்தில் என் அக்கா வீடு. 2020 பொங்கலுக்கு எல்லாரும் அங்கே கூடினோம். அத்தானுக்கு அதுதான் கடைசிப் பொங்கல் என்று யாருக்கும் தெரியாது. நான் போனில் எடுத்த படங்களில் 48ஐத் தேர்ந்து, என் பிரிண்டரில் போட்டு, ஆல்பத்தில் செருகி அக்காவிடம் கொடுத்தேன். "தம்பி கையாலேயே போட்டது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அக்கா காட்டும். 2021ல் அத்தான் தவறிவிட்டார்.

2023 டிசம்பர் 17, 18. நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தேதி சொன்னாலே போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை மீறியது. ஸ்ரீவைகுண்டம் தீவாகி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் பயணிகளோடு அந்த ஸ்டேஷனிலேயே நின்றது. அக்காவை மகன் மாடி வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டான். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ரோடு திறந்து நான் போய்ச் சேர நாலு நாள் ஆனது.

பீரோவின் அடித்தட்டில் மூன்று ஆல்பம் இருந்தது. முதலாவது, அக்கா கல்யாணம், 1979, கறுப்பு வெள்ளை. இரண்டாவது, மகள் கல்யாணம், 2004, லேபில் போட்ட கலர். மூன்றாவது, நான் கொடுத்தது. மூன்றும் ஒரே சேற்றுத் தண்ணீரில், ஒரே அளவு நேரம் ஊறியவை. யாராவது சோதனை செய்து பார்க்க நினைத்தாலும் இவ்வளவு சரியாக அமையாது.

தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவருக்குப் போன் செய்தேன். "காய விட்டுராதீங்க சார், ஈரத்தோடவே பிரிச்சு நல்ல தண்ணியில அலசுங்க" என்றார். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஒவ்வொன்றாக அலசினோம். கறுப்பு வெள்ளைப் படங்கள் சுருண்டன, பிழைத்தன. 2004 படங்களில் சிலது ஓரத்தில் கறை பட்டு, மற்றவை சேறு போனதும் முகத்தோடு எழுந்து வந்தன. மூன்றாவது ஆல்பத்தைத் திறந்தோம். உறைக்குள் நீலமும் சிவப்பும் கலந்த தண்ணீர் நின்றது. அக்கா ஒரு பேப்பரைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏ தம்பி, உங்க அத்தான் மூஞ்சியவே காணோமேப்பா" என்றது. நான் பதில் சொல்லவில்லை.

ஏன் இப்படி ஆனது என்று பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். கறுப்பு வெள்ளைப் படத்தில் தெரிகிற கறுப்பு, வெள்ளி உலோகத்தின் நுண்துகள். அது ஜெலட்டின் என்கிற படலத்துக்குள் புதைந்திருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தப் பேப்பரையும் பிலிமையும் நம் ஊட்டியிலேயே தயாரித்தார்கள். மத்திய அரசு 1960ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி. லேபில் போடுகிற கலர் படமும் அதே வழிதான். டிஜிட்டல் படத்தை லேசர் ஒளியால் பேப்பரில் விழவைத்து, கெமிக்கலில் கழுவி எடுக்கிறார்கள். நிறம் ஜெலட்டின் அடுக்குகளுக்குள்ளேயே உருவாகிறது. வெள்ளி கழுவப்பட்டு வெளியே போய்விடும். பேப்பரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூச்சு. இந்தப் படம் பிறக்கும்போதே தண்ணீரில் குளித்துத்தான் பிறக்கிறது. அதனால் கொஞ்ச நேரம் நனைந்தால் தாங்கும்.

வீட்டு இங்க் டேங்க் பிரிண்டர்களில் பெரும்பாலும் கலர் மை, தண்ணீரில் கரைகிற சாயம். பேப்பர் மேல்பூச்சில் அது உறிஞ்சப்பட்டு நிற்கிறது. தண்ணீர் பட்டால் வந்த வழியே கரைந்து போகிறது. வங்கியில் கணக்குத் தொடங்க வருகிறவர்கள் கொடுக்கிற பாஸ்போர்ட் சைஸ் படத்தில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பசை ஈரத்தோடு விரல் பட்டால் சிலருடைய கன்னம் என் விரலோடு வந்துவிடும். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பிக்மெண்ட் இங்க் என்று ஒரு வகை இருக்கிறது. அது கரையாத நுண்பொடி. தண்ணீரையும் வெளிச்சத்தையும் நன்றாகவே தாங்கும். ஆனால் அதற்கான போட்டோ பிரிண்டரும் மையும் விலை அதிகம். தினமும் போடுகிற தொழில்காரர்களுக்குத்தான் கட்டும்.

இனி, லேபில் கொடுப்பதென்றால் நாம் பார்க்க வேண்டியவை. நான் அனுபவத்தில் கற்றவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கேட்டுக் கொடுங்கள். "கெமிக்கலில் கழுவுகிற பிரிண்டா, இங்க் பிரிண்டா?" இப்போது சில லேபுகளிலும் டிரை லேப் என்ற பெயரில் இங்க் மெஷின்தான் ஓடுகிறது. ஸ்டுடியோவில் ஐந்து நிமிஷத்தில் தருகிற சிறிய படங்கள் பெரும்பாலும் சூட்டினால் சாயத்தை ஏற்றி மேலே ஒரு மெல்லிய உறை போடுகிற வகை. அதுவும் ஈரத்தை ஓரளவு தாங்கும்.

இரண்டாவது, அளவு. ஆறுக்கு நாலு படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1800க்கு 1200, அதாவது 21.6 லட்சம் புள்ளி போதும். செல்போன்கள் ஒரு கோடிக்கு மேல் எடுக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். சின்னப் படத்துக்கு அதுவும் ஒப்பேறும். சுவரில் மாட்டுகிற பெரிய படத்துக்கு ஆகாது. 'டாகுமெண்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொடுங்கள்.

மூன்றாவது, தலை வெட்டு. செல்போன் படம் பொதுவாக நாலுக்கு மூன்று என்ற விகிதம். அதை ஆறு அங்குல அகலத்துக்குக் கொண்டுவந்தால் உயரம் நாலரை அங்குலம் வரும். பேப்பரோ நாலு அங்குலம். அரை அங்குலம் எங்கேயாவது போக வேண்டும். பின்வரிசையில் நிற்கிற உயரமானவர் தலை போகும். "ஓரம் வெட்டாமல், வெள்ளை பார்டர் விட்டுப் போடுங்கள்" என்று சொன்னால் போதும்.

நான்காவது, போன் வெளிச்சத்தை முழுதாக வைத்துப் பார்த்துவிட்டு, பிரிண்ட் இருட்டாக வந்தது என்று சண்டைக்குப் போகாதீர்கள். திரை தானே ஒளி விடுகிறது, பேப்பர் விடாது. வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். அப்படித் தெரிவதுதான் பேப்பரில் வருவதற்குப் பக்கம்.

ஐந்தாவது, ஆல்பத்தைப் பீரோவின் அடித்தட்டில் வைக்காதீர்கள். நாம் மாடியில்தானே இருக்கிறோம் என்பீர்கள். மேல் வீட்டுக் குழாய் உடைந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். நனைந்தால் வெயிலில் போடவேண்டாம், ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிடவும் வேண்டாம்; ஜெலட்டின் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரியாது. ஈரத்தோடு பிரித்து, படத்தின் முகத்தைத் தேய்க்காமல் குளிர்ந்த நல்ல தண்ணீரில் அலசி, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு பிழைக்கும்.

கடைசியாக, பிரிண்ட் போட்டாயிற்று என்று மூலப் படத்தை விட்டுவிடாதீர்கள். நான் செய்த பெரிய தப்பு அதுதான். மை கரைந்ததுகூடப் பெரிதில்லை. மூலம் இருந்தால் மறுபடி போட்டிருக்கலாம். 2020ல் படம் எடுத்த போன் 2022ல் கெட்டுப்போனபோது, "எல்லாந்தான் ஆல்பத்தில் இருக்கிறதே" என்று அதைப் பழைய போன் வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டேன். பேரேட்டை ஒரே பிரதியாக வைத்திருந்தால் வங்கியில் எங்களைச் சும்மா விட்டிருப்பார்களா? வெள்ளத்துக்குப் பிறகு குடும்பத்து வாட்ஸ்அப் குரூப்பை எல்லாருடைய போனிலும் துழாவியதில் 48க்கு 11 படம் கிடைத்தது. அவற்றை லேபில் கொடுத்துப் போட்டு அக்காவிடம் சேர்த்தேன். மீதி 37 வரவில்லை. அத்தான் கரும்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற படம் ஒன்று உண்டு. அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அது அந்த 37ல் போய்விட்டது. இன்றைக்கும் நான் போனால், "கரும்பு போட்டோ எங்கயும் தட்டுப்பட்டுச்சா தம்பி?" என்று கேட்கும்.

என் பரிந்துரைக்கு வருகிறேன். ஆதார் நகல், பிள்ளைகளின் பள்ளிக்கூட புராஜெக்ட், பாஸ்புக் நகல் இவற்றுக்கு ஆபீஸ் ரூமில் ஒரு சாதாரண பிரிண்டர் வாங்கலாம். தினம் ஓடும், அடைக்காது. ஒரு மாதத்தில் தேவை தீர்ந்துவிடுகிற எதையும் அதில் போடலாம். வைத்துப் பார்க்க வேண்டிய படங்களுக்கு அது வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு தடவை, பொங்கல் முடிந்தும் ஆயுத பூஜை முடிந்தும், 24 வீட்டுப் படங்களையும் மொத்தமாகச் சேர்த்து லேபில் கொடுப்போம். மொத்தமாகக் கொடுத்தால் விலை குறைத்துக் கேட்கலாம். கேட்பதை என்னிடம் விடுங்கள். வீட்டுக்கு 30 படத்துக்கு மேல் வேண்டாம். ஆயிரம் படத்தில் முப்பதைத் தேர்ந்தெடுக்க உட்காருகிற அந்த அரை மணி நேரம் குடும்பத்துக்கு நல்லது. மூலப் படங்களை ஒரு பென்டிரைவிலும், வெளியூரில் இருக்கிற பிள்ளையிடம் இன்னொரு பிரதியாகவும் வைத்துவிடுங்கள்.

முதல் தவணை இந்தத் தைக்கு. பென்டிரைவோடு வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் என் வீட்டுக் கதவைத் தட்டலாம். யார் எத்தனை படம் கொடுத்தார்கள் என்று எழுத நோட்டு தயாராக இருக்கிறது.