விசுவாசமும் வாக்குரிமையும்



தேர்தல் வந்துவிட்டால், கத்தோலிக்கர் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று கணக்குப் போடுவோர் நம்மிடையே பலர். பூசை முடிந்து கோவிலைவிட்டு வெளியே வருவோர் அனைவரும் ஒரே சின்னத்தை எண்ணிக்கொண்டு வருவதாக அவர்கள் நினைப்பு. இக்கணக்கு சட்டத்திற்கும் பொருந்தாது. திருச்சபையின் போதனைக்கும் பொருந்தாது. ஆசிரியனாயிருந்த பழக்கத்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. கடவுளின் கோபத்திற்கோ ஆன்மிகத் தண்டனைக்கோ ஆளாக நேரும் என்று சொல்லி வாக்காளரை அச்சுறுத்துவதும் அப்பிரிவின்படி முறைகேடே. வேட்பாளரின் மதம் மட்டுமன்றி, வாக்காளரின் மதத்தைச் சுட்டி வாக்குக் கேட்பதும் இத்தடைக்கு உட்பட்டதே என்று 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்தது திருச்சபை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, பொதுநலத்தின்பொருட்டுத் தடையின்றி வாக்களிப்பது குடிமக்களின் உரிமை மட்டுமன்றிக் கடமையும் ஆகும் என்று போதிக்கிறது. திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் பிணைக்கப்பட்டதன்று என்பதையும் அவ்வேடு தெளிவாக்குகிறது. ஆகவே குருவானவர், "வாக்களியுங்கள்" என்று சொல்லலாம். எவற்றைச் சீர்தூக்க வேண்டும் என்றும் போதிக்கலாம். இன்னாருக்கு என்று தீர்மானிக்கும் பொறுப்போ வாக்காளரின் மனச்சாட்சியையே சார்ந்தது.

பொதுநலம் என்றால் என்ன? குற்றாலத்தில் அருவியாய் விழும் சிற்றாற்று நீரை அணைக்கட்டுகளில் மறித்து, கால்வாய்களில் திருப்பிக் குளங்களை நிரப்புவது இப்பகுதியின் பழைய முறை. தலைமடைக்காரர் அளவோடு எடுத்துக்கொண்டால்தான் கடைமடைக்கு நீர் எட்டும். நம் பங்குப் பள்ளிக்கு என்ன கிடைக்கும் என்பது தலைமடைக் கேள்வி. பீடி சுற்றும் பெண்ணுக்கு, அவள் எம்மதத்தவளாயினும், நியாயமான கூலி கிடைக்குமா என்பது கடைமடைக் கேள்வி. விசுவாசம் நம்மை இரண்டாம் கேள்விக்கே அழைத்துச் செல்ல வேண்டும்.

இனி நம் தென்காசிக்கு வருவோம். தென்காசி நாடாளுமன்றத் தொகுதி, பட்டியல் சாதியினருக்குரிய தனித்தொகுதி. பட்டியல் சாதியார் யார் என்பதை வரையறுக்கும் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, முதலில் பெரும்பாலும் இந்துக்களையே ஏற்றது; 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. எனவே இத்தொகுதியில் ஒரு கத்தோலிக்கர், அவருடைய பாட்டனார் எந்தச் சேரியில் பிறந்திருந்தாலும், வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க இயலாது.

இதில் ஒரு பாடமும் உண்டு. ஒரு மனக்குறையும் உண்டு. வேட்பாளருள் நம் மதத்தவர் யார் என்ற கேள்வியே நாடாளுமன்றத் தேர்தலில் இங்குக் கத்தோலிக்கருக்கு எழுவதில்லை. இவர் என்ன செய்வார் என்ற கேள்வி ஒன்றே எஞ்சுகிறது. அதுவே வாக்காளர் கேட்க வேண்டிய கேள்வி. பாடம் இது.

மனக்குறையோ எளிதில் தீர்வதன்று. ஞானஸ்நானம் பெற்ற மாத்திரத்தில் ஊரார் கண்ணில் சாதி மறைந்துவிடுவதில்லை. 1985-இல் சூசை என்பவர் தொடுத்த வழக்கில், போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் அளித்த அறிக்கை, மத வரம்பை நீக்கலாம் என்றது. 2022-இல் இதை ஆராய மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

இந்நீதியை வேட்பாளரிடம் கேட்பது மதத்தைத் தேர்தலில் புகுத்துவதாகுமா? ஆகாது என்பது என் கருத்து. முன்னே சொன்ன 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நால்வர் வழங்க, மூவர் மாறுபட்டனர். மதத்தாலும் சாதியாலும் ஒடுக்கப்பட்டோரின் குறைகளைத் தேர்தல் மேடையில் பேசுவதே தடைப்பட்டுவிடலாகாது என்பது அம்மூவரின் கவலை. எண்ணிப் பார்க்கத்தக்க கவலைதான் அது. ஆயினும் கேட்பவர் இரண்டு நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும்.

ஒன்று, பலர் அறியக் கேட்க வேண்டும்; மறைவில் பேரம் பேசலாகாது. இருக்கும் பங்கு குறைந்துவிடுமோ என்று அஞ்சும் ஏழை இந்துச் சகோதரரின் சொல்லையும் செவிமடுக்க வேண்டும். மற்றொன்று, தம் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சபைக்குள்ளும் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவையே 2016-இல் ஒப்புக்கொண்டது. கல்லறையில் சாதிச்சுவர் எழுப்பிவிட்டு, நாடாளுமன்றத்தில் சமத்துவம் கேட்பது எங்ஙனம் பொருந்தும்?

பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தைப் போற்றும் மக்களுக்கு, வாக்கின் இரகசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வாக்குச் சாவடியின் மறைப்புக்குள் குருவும் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. கடைமடையில் நிற்பவரை நினைத்துக்கொண்டு அவ்விடத்தில் ஒருவர் எடுக்கும் முடிவு எதுவாயினும், விசுவாசி என்ற முறையிலும் குடிமகன் என்ற முறையிலும் அவர் தம் கடமையைச் செய்தவரே ஆவார்.