வேதும் வேர்வையும்
(காளப்பநாயக்கன்பட்டியில் பேசியது)



கொல்லிமலை அடிவாரத்திலுள்ள உங்களுக்கு வேது பிடிப்பது புதிதல்ல. சளி பிடித்தால் நொச்சித் தழையைக் கொதிக்கவைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடிக்கின்றீர்கள். பட்டணங்களிலோ இப்போது அகச்சிவப்புப் பெட்டி என்று ஒன்று வந்திருக்கின்றது. பணங் கொடுத்து அதற்குள் உட்கார்ந்து வேர்க்கவேண்டும். பழமைக்காரர் "நம் வேதே மேல்" என்கிறார்; வியாபாரி "எங்கள் பெட்டியே மேல்" என்கிறார். நாம் இருவரையும் நம்பிவிடாமல் விஷயத்தைப் பார்ப்போம்.

நீராவி அறையில் சூடு சுமார் 45 டிகிரிதான். ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை உலருவதில்லை. உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஆகவே, கொஞ்ச நேரத்திலேயே திணறுகிறோம். பின்லாந்துக்காரரின் சானாவில் காற்று வறண்டது. ஆதலால் 80 டிகிரிக்கு மேலும் தாங்குகிறார்கள். அகச்சிவப்புப் பெட்டியில் 45 முதல் 60 டிகிரி. அங்கே கதிர் நேரே தோலில் பட்டுச் சுடுகிறது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த கதிர் அது. அடுப்பண்டை உட்கார்ந்தால் முகத்தில் படுகிற அனலும் அதுவேதான்.

சரி, நன்மை உண்டா? பின்லாந்தில் 2,315 ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்து, 2015இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். அடிக்கடி சானாவில் உட்கார்ந்தவர்களுக்கு இருதயத்தால் வரும் சாவு குறைவாயிருந்தது. ஆனால் அதற்குச் சூடுதான் காரணமா, அவர்களுடைய ஓய்வும் வசதியுமா என்பது அதைக்கொண்டு மட்டும் முடிவாகிவிடாது. அகச்சிவப்புப் பெட்டிக்கோ அவ்வளவு பெரிய ஆராய்ச்சியே இல்லை.

"வேர்த்தால் விஷமெல்லாம் வெளியேறும்" என்கிறார்களே, அது என்ன? வேர்வை என்பது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு. கழிவைப் பிரித்துத் தள்ளுவது ஈரலும் சிறுநீரகமும். குளத்தில் முழுகினால் பாவம் போகும் என்றவனுக்கும், பெட்டியில் உட்கார்ந்தால் விஷம் போகும் என்பவனுக்கும் என்ன பேதம்?

ஆபத்தையும் யோசியுங்கள். 2010இல் பின்லாந்தின் ஹெய்னோலாவில், சூட்டில் யார் அதிக நேரம் உட்காருவது என்ற போட்டியில் ஒருவர் செத்தே போனார். நம் நாட்டில் 2021இல் கொரோனாக் காலத்தில் தெருவில் நின்று கூட்டங்கூட்டமாய் ஆவி பிடித்தார்கள். பொது இடத்தில் இப்படிச் செய்தால் நோய் பரவும் என்று நம் சுகாதார மந்திரியே எச்சரிக்க வேண்டியிருந்தது.

ஆகையால் தாய்மார்களே! மூக்கடைப்புக்கு ஆவி சற்று இதமளிக்கலாம், தடையில்லை. ஆனால் கொதிக்கும் பானையண்டை குழந்தையை விடாதீர்கள், வெந்துபோகும். காய்ச்சலில் கொதிக்கிறவரைக் கம்பளிக்குள் போட்டு மேலும் வேகவைக்காதீர்கள். கர்ப்பிணிகளும் இருதய நோயாளிகளும் டாக்டரைக் கேளாமல் எந்தச் சூட்டுக்குள்ளும் போகவேண்டாம். பழையது என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். புதியது என்பதற்காக ஒன்றை வாங்கவும் வேண்டாம்.

நாம் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மாத்திரம் செய்யுங்கள்.