நாயின் நடையில்



அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் தடம் என்ற புகழ்பெற்ற நடைவழி இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்கள் வழியாக ஏறி இறங்கி, மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலை உச்சியில் முடிகிறது. நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். கூடாரம், அடுப்பு, அரிசி பருப்பு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு, ஐந்தாறு மாதத்தில் ஒரே மூச்சாக இதைக் கடந்துவிடுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அவர்களில் சிலர் வீட்டு நாயையும் கூடவே கூட்டிப் போகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. சட்டப்படி பார்த்தால், வீட்டில் வளரும் சாதாரண நாய் எதுவும் இந்தத் தடத்தை முழுதாக நடந்து முடிக்க முடியாது. கட்டாடின் மலை பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. தெற்கே கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்காவில் தடம் 110 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, அங்கும் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் தடம் ஒரு சிறிய விலங்குக் காட்சிச்சாலைக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அங்கும் நாய் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்மோக்கி மலை எல்லையில் நாயை வாங்கி வைத்துக்கொண்டு, மறுபக்கம் கொண்டுவந்து ஒப்படைப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் கூடவே நடந்த நாய், கடைசி மலை ஏறும் நாளில் அடிவாரத்தில் யார் வீட்டிலோ கட்டிக் கிடக்கும். எசமானர் மட்டும் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்வார். அப்படியானால் இது யாருடைய பயணம்? நாயோடு நெடுந்தூரம் நடக்கும் இந்தப் பழக்கத்தை எடைபோட இந்தக் கேள்வியே போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். 1990இல் பில் இர்வின் என்பவர் இந்தத் தடத்தை நடந்து முடித்தார். அவருக்கு இரு கண்ணும் தெரியாது. அவரை நடத்திச் சென்றது ஓரியண்ட் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு வழிகாட்டி நாய். மார்ச் மாதம் புறப்பட்டவர் முடித்தபோது நவம்பர். வழியில் ஆயிரக்கணக்கான முறை விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பார்வையற்றவர் ஒருவர் இந்தத் தடத்தை முழுதாக நடந்தது அதுதான் முதல் தடவை. வழிகாட்டி நாய் என்பதால் பூங்காக்களின் தடை ஓரியண்டுக்குக் கிடையாது. ஆனால் நான் கவனிப்பது வேறொன்றை. நாய் நின்றால் அந்த மனிதர் நின்றாக வேண்டும். வேகம் நாயின் கையில் இருந்தது. கை என்றா சொல்வது, காலில் இருந்தது.

நம்முடைய கீதாரிகளின் நடையிலும் வேகம் மனிதர் கையில் இல்லை. இராமநாதபுரம் பக்கமிருந்து கிடை ஆடுகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகைவரை மாதக்கணக்கில் நடப்பவர்களோடு நாய்களும் நடக்கின்றன. இமாச்சலத்தில் கத்தி (Gaddi) என்ற இடையர் இனத்தவரின் நாய்களுக்குச் சிறுத்தை கவ்வாமலிருக்க முள் வைத்த இரும்புப் பட்டை கட்டுவார்கள். அங்கெல்லாம் நடையின் வேகத்தை ஆடு தீர்மானிக்கிறது. ஆடு மேய்கிற வேகத்தில் நாய்க்குப் படுக்கவும் நேரம் உண்டு. முதுகுப்பைக்காரரின் கணக்கு வேறு. இன்று 30 கிலோமீட்டர், வியாழக்கிழமைக்குள் அடுத்த ஊர், பனி விழுவதற்குள் மெய்ன். இந்தக் கணக்கு நாய்க்குத் தெரியாது. தெரியாததோடு, 'என்னால் முடியவில்லை' என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. நீங்கள் நடக்கும்வரை அதுவும் நடக்கும். அதன் ஆசையே உங்களோடு இருப்பதுதான். இந்தப் பழக்கத்தின் அழகும் ஆபத்தும் இந்த ஒரு குணத்திலேயே இருக்கின்றன.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

பாதம் முதலில். நாயின் அடிப்பாதத் தோல் தடித்துக் காய்ப்பேற வாரக்கணக்கில் ஆகும். நகரத்தில் புல்லிலும் தரை ஓட்டிலும் நடந்த நாயைத் திடீரென்று கருங்கல்லில் நடத்தினால் இரண்டாம் நாளே தோல் உரியும். ஈரத்தில் ஊறினாலும் கிழியும். வெயில் ஏறிய பாறையில் வெந்துபோகும்; நம் புறங்கையை வைத்துப் பார்த்தால் நமக்கே புரிந்துவிடும். நாய்க்கென்று துணிக் காலணிகள் விற்கின்றன. போட்ட புதிதில் நாய் சேற்றில் நடக்கும் கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். பழகிவிட்டால் தொந்தரவில்லை. அலாஸ்காவில் நடக்கும் இடிடராட் சறுக்குவண்டிப் பந்தயத்தில் ஒரு நாய்க்கு எட்டுக் காலணி என்று கணக்கு வைத்து எடுத்துப் போயே தீர வேண்டும்.

அந்தப் பந்தயத்தைக் கொடுமை என்று எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடும் அந்த நாய்களுக்கு ஒரு 24 மணி நேர ஓய்வும் இரண்டு எட்டு மணி நேர ஓய்வும் விதியாகவே உண்டு. வழியில் கால்நடை மருத்துவர்கள் இருப்பார்கள். இந்த நாய் இனி ஓடக்கூடாது என்று நிறுத்திவைக்க அவர்களால் முடியும். அதாவது நாய் சார்பில் பேச மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். நடைதடத்தில் அந்த ஆள் கிடையாது. அந்த வேலையையும், பயணத்தை முடித்தே தீருவேன் என்று துடிக்கிற அதே மனிதர்தான் பார்க்க வேண்டும்.

வெப்பம் அடுத்தது. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டுமே, அதுவும் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் கூடினால் அதுவும் பலிக்காது. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வெயில் காலத்தில் விடியலுக்கு முன் நடந்து நடுப்பகலில் நிழலில் படுப்பவர்தான் நாயோடு நடக்கத் தெரிந்தவர்.

சாப்பாட்டுக் கணக்கைப் பாருங்கள். 25 கிலோ எடையுள்ள நாய்க்கு வீட்டில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,200 கலோரி போதும். மலையில் நாள் முழுதும் நடந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். உலர் தீவனத்தில் அது கிட்டத்தட்ட 700 கிராம். ஐந்து நாளுக்கு மூன்றரைக் கிலோ. இதை நாயின் முதுகிலேயே இருபுறமும் தொங்கும் பையில் ஏற்றிவிடலாம். எடையில் பத்தில் ஒரு பங்கில் தொடங்கி, நன்றாகப் பழகிய திடமான நாய்க்கு அதிகபட்சம் கால் பங்கு என்பது பலர் சொல்லும் வரம்பு. கால் பங்கு அதிகம் என்றே எனக்குப் படுகிறது. ஒன்றரை வயது ஆகாத பெரிய இன நாய்க்குச் சுமையே கூடாது; எலும்பு வளர்ந்து முடிந்திருக்காது.

நடைக்காரர்கள் கொறிக்கும் கலவை ஒன்று உண்டு: உலர்திராட்சை, கடலை, சாக்லேட். நமக்கு அது தெம்பு. நாய்க்கு உலர்திராட்சையும் விஷம், சாக்லேட்டும் விஷம். முழங்கால் வலிக்கு அவர்கள் நாளுக்கு நாள் விழுங்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையும் நாய்க்கு நஞ்சுதான். ஒரே பையில் இருவர் உணவையும் போட்டுக் கட்டுகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உண்ணி பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. அப்பலாச்சியன் காடுகளில் அது லைம் நோயைக் கொண்டுவரும். இரவில் காது மடல், கழுத்துப் பட்டை, விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். முள்ளம்பன்றியை மோந்து பார்த்துவிட்டு மூக்கு நிறைய முள்ளோடு திரும்பும் நாய்களும் உண்டு. அந்த முள்ளின் முனையில் கொக்கிபோன்ற செதில்கள் இருப்பதால் அது உள்ளேதான் போகும், தானாக வெளியே வராது.

சரி, நாய் படுத்துவிட்டால் என்ன செய்வது? 2020 ஜூலையில் இங்கிலாந்தின் மிக உயரமான ஸ்காஃபெல் பைக் மலையிலிருந்து இறங்கும்போது டெய்சி என்ற செயின்ட் பெர்னார்டு நாய் பின்னங்கால் வலியில் படுத்துவிட்டது. எடை 55 கிலோ. மலை மீட்புக் குழுவினர் 16 பேர் ஸ்ட்ரெச்சரில் வைத்து இறக்கினார்கள். ஐந்து மணி நேரம் பிடித்தது. பனியில் சிக்கியவர்களைக் காப்பாற்றிப் பேர் வாங்கிய இனம், மனிதர்கள் தோளில் இறங்கி வந்ததைப் பார்த்துப் பத்திரிகைகள் சிரித்தன. டெய்சி பிழைத்துக்கொண்டது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 2012 ஆகஸ்டில், கொலராடோ மலைகளில் நடந்தது சிரிக்க முடியாதது. மிஸ்ஸி என்ற ஜெர்மன் ஷெப்பர்டின் பாதங்கள் கிழிந்து, நடக்க முடியாமல் போனது. புயலும் நெருங்கியது. ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், பாறைகளுக்கு நடுவே அதை விட்டுவிட்டு எசமானர் இறங்கிவிட்டார். எட்டு நாள் கழித்து முன்பின் தெரியாத தன்னார்வலர்கள் ஏறிப் போய் முதுகில் சுமந்து இறக்கினார்கள். எசமானர்மேல் வழக்குப் பதிவானது. அவரைத் திட்டுவது சுலபம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அந்தப் பாதம் ஒரே நிமிடத்தில் கிழிந்திருக்காது என்பது. மேலே ஏறும்போதே அது தெரிந்திருக்கும், பார்க்கத்தான் ஆளில்லை.

வழியில் வரும் மற்றவர்களையும் நினைக்க வேண்டும். 'பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது' என்ற வசனத்தை நம் தெருவில் கேட்டிருக்கிறோம். அமெரிக்க மலையிலும் இதே வசனம்தான். தடத்தின் ஓரத்தில் மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமாகத் தங்கும் கொட்டகைகள் இருக்கின்றன. மழை இரவில் எட்டுப் பேர் முடங்கிக் கிடக்கும் இடத்தில் நனைந்த நாய் நடுவில் நின்று உடம்பை உதறினால் எட்டுப் பேரின் தூக்கப்பையும் நனையும். இங்கிதம் தெரிந்தவர்கள் நாயோடு தனியே கூடாரம் அடித்துக்கொள்வார்கள். கயிறில்லாமல் ஓடும் நாய் கரடியைக் கிளப்பிவிட்டுப் பயந்து எசமானரிடமே ஓடி வரும், பின்னால் கரடியோடு. நாயிடமிருந்து காட்டு விலங்குகளுக்கு நோய் தொற்றும் அபாயமும் உண்டு. 2018இல் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் சிலவற்றிடம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் இருப்பது தெரியவந்தது. பூங்காக்காரர்களின் தடையை வெறும் கெடுபிடி என்று நான் சொல்லமாட்டேன்.

நாய், மலை, நெடும்பயணம் என்றதும் உங்களில் பலருக்கு மகாபாரதத் தருமரும் அவரோடு இமயத்தில் நடந்த நாயும் ஞாபகம் வந்திருக்கும். அந்த நாயை யாரும் கூட்டிப் போகவில்லை. அதுவாகப் பின்னால் வந்தது. இமயத்தில் இன்றும் அப்படி வரும் நாய்கள் உண்டு. 2018 நவம்பரில் நேபாளத்தில் ஒரு தெருநாய் மலையேறும் குழுவொன்றின் பின்னால் வந்தது. மேரா என்று பெயர் வைத்தார்கள். குழுத் தலைவரின் கூடாரத்தில் தூங்கி, அவர்களோடு ஏறி, 7,129 மீட்டர் உயரமுள்ள பருண்ட்சே சிகரத்தையே எட்டிவிட்டது. திரும்பிப் போக வேண்டும் என்றால் எந்த நாளும் அதனால் போயிருக்க முடியும். கழுத்தில் கயிறோடு, விமானத்திலோ காரிலோ ஏற்றி, தெரியாத மலைக்குக் கொண்டுபோகப்பட்ட நாய்க்கு அந்த வழி கிடையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வீரம் என்று பேசுவது சரியில்லை.

அதற்காக இந்தப் பழக்கமே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. ஒரே பருவத்தில் 3,500 கிலோமீட்டர் என்று கிளம்புகிறவர் நாயை வீட்டில் விட்டுப் போகட்டும். மற்றபடி, நல்ல நாயோடு இரண்டு மூன்று இரவு மலையில் தங்குவது பெரிய சுகம். மனிதர்கள் வரும் சத்தம் நமக்கு முன்னால் அதற்குக் கேட்கிறது. குளிரில் காலருகே சூடாகப் படுக்கிறது. பாதையில் நாம் கவனிக்காத நூறு வாசனைகளுக்காக நிற்கிறது, நாமும் நிற்கிறோம். அவசரமில்லாவிட்டால் நீண்ட தூரமும் முடியும். டாம் டர்சிச் என்ற அமெரிக்கர் டெக்சாஸில் தத்தெடுத்த சவானா என்ற நாயோடு பல நாடுகளை நடந்தே கடந்து 2022இல் ஊர் திரும்பினார். அவர் புறப்பட்டது 2015இல். நடுவில் நோய், கொரோனா என்று நின்று நின்று போன ஏழு ஆண்டுகள்.

இங்கே அப்படி ஆசைப்படும் நேயர்கள் காப்புக்காடுகளை விட்டுவிடுங்கள். நாயை உள்ளே விடமாட்டார்கள். அனுமதி உள்ள பாதையாக, மார்கழி தை மாதங்களாக, நடுவில் எங்கே நின்றாலும் சாலைக்கு இறங்கிவிடக்கூடிய வழியாகப் பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் உங்களால் நடக்க முடியும் என்று வீட்டு மாடிப்படியிலேயே ஒருமுறை ஏறிப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை பையில் இருக்கட்டும். பயணம் முடிந்து திரும்பிய மறுநாள் காலை, அது படுக்கையிலிருந்து எழுந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டுச் சோற்றுத் தட்டுக்கு ஓடினால் நல்லது. எழுந்திருக்கவே யோசித்தால், அடுத்த முறை பாதி தூரம்.