அறை தந்த ஊரும் அறை தராத ஊரும்

(மேலப்பாளையத்தில், உயர்கல்விக்குத் தயாராகும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் படிக்கப் போவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். விண்ணப்பம் எப்படி எழுதுவது, விசாவுக்கு வங்கியில் எவ்வளவு பணம் காட்டுவது என்பதையெல்லாம் கூட்டம் முடிந்ததும் தனித்தனியாகப் பேசிக்கொள்வோம். அதைச் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் பேசாத ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். புது ஊரில் போய் இறங்கும் முதல் சில நாள்களைப் பற்றி. அந்த நாள்களில் நமக்கு யார் அறை தருகிறார்கள், யார் தர மறுக்கிறார்கள் என்பதைப் பற்றி.

இதில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. 1913 ஜூலையில் நியூயார்க்கில் போய் இறங்கிய 22 வயது மாணவர், பீமாராவ் அம்பேத்கர்.

நாம் அவரைச் சிலையாகப் பார்த்தே பழகிவிட்டோம். நீலக் கோட்டு, கையில் புத்தகம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்தச் சிலையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு வேறு. அந்தச் சிலையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு அந்த இளைஞரை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதிதான் அப்பா இறந்திருக்கிறார். வீட்டில் மனைவி ரமாபாய். மகன் யஷ்வந்துக்கு ஏழு மாதம். கையில் இருப்பது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகை. மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. அது சும்மா வந்த பணமும் இல்லை. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்று ஜூன் மாதம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கப்பல் ஏறினார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதலில் ஹார்ட்லி ஹால் என்ற விடுதியில் தங்கினார். அங்கே சாப்பாடு ஒத்துவரவில்லை. சில நாள்களில் இந்திய மாணவர்கள் சிலர் தங்கியிருந்த காஸ்மோபாலிட்டன் கிளப்புக்கு மாறினார். பிறகு லிவிங்ஸ்டன் ஹால். அங்கே அறைத்தோழராகக் கிடைத்தவர் நவல் பதேனா என்ற பார்சி மாணவர். அந்த நட்பு வாழ்நாள் முழுக்க நீடித்தது. 1920இல் பாதியில் விட்ட லண்டன் படிப்பை முடிக்க அம்பேத்கர் கிளம்பியபோது கடன் கொடுத்தவர்களில் பதேனாவும் ஒருவர்.

சாப்பாடு ஒத்துவரவில்லை, விடுதி மாறினார், அறைத்தோழர் கிடைத்தார். இதில் என்ன பெரிய வரலாறு என்று தோன்றும். வெளியூர் போகும் எந்த மாணவருக்கும் நடப்பதுதானே? ஆமாம், எந்த மாணவருக்கும் நடப்பதுதான். அதுதான் செய்தி. பள்ளிக்கூடத்தில் தனியாகச் சாக்கு விரித்து உட்கார்ந்த பையன் அவர். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர், பியூன் வராவிட்டால் தாகத்தோடுதான் இருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு 22 வயதில் முதன்முறையாக 'எந்த மாணவரையும் போல' இருக்கும் வாய்ப்புக் கிடைத்தது. எல்லோரும் சாப்பிடும் மேசையில் ஓர் இருக்கை. இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் ஓர் அறை. உள்ளே போனால் யாரும் எழுப்பிவிடாத நூலகம்.

அந்த மூன்றும் கிடைத்ததும் அவர் என்ன செய்தார்? 1915இல் முதுகலைப் பட்டம், பண்டைய இந்திய வணிகம் பற்றிய ஆய்வோடு. 1916 மே 9ஆம் தேதி பேராசிரியர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தார். கப்பலை விட்டு இறங்கி மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஒரு அறை, ஒரு மேசை, ஒரு நூலகம் கொடுத்தால் நம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இதனால் அமெரிக்கா சொர்க்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கொலம்பியாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லம். அம்பேத்கர் அங்கிருந்து கிளம்பி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1924இல், அதே பல்கலைக்கழக விடுதி ஒன்றில் ஒரு கறுப்பின சட்ட மாணவர் தங்கினார். அவர் தங்கியதைப் பொறுக்காமல் விடுதிக்கு முன்னால் சிலுவையை நட்டுக் கொளுத்தினார்கள். அம்பேத்கருக்கு அறை கொடுத்த ஊர் சாதி இல்லாத ஊராக இருக்கவில்லை. அவருடைய சாதி அந்த ஊருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். அந்த ஊருக்கு அதன் சொந்தத் தீண்டாமை இருந்தது. இது அம்பேத்கருக்கும் தெரியும். 1946இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு அவர் எழுதிய கடிதமே அதற்குச் சாட்சி.

இப்போது இன்னொரு முதல் நாளைப் பார்ப்போம். 1917 செப்டம்பர். ஒப்பந்தப்படி வேலை செய்ய அம்பேத்கர் பரோடாவுக்கு வருகிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்தவர், மன்னரே வரவழைத்த அதிகாரி. அவருக்குத் தங்க இடம் இல்லை. இந்துக்களின் விடுதியில் சேர்க்க மாட்டார்கள். பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் கையில் தடிகளோடு ஒரு கும்பல் மாடி ஏறி வந்தது. சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்று மிரட்டியது. ஓர் இந்து நண்பரிடம் கேட்டார். உன்னை வைத்துக்கொண்டால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் அவர். ஒரு கிறிஸ்தவ நண்பரிடம் கேட்டார். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் அவர். பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய்க்குக் கிளம்பினார்.

நியூயார்க்கில் அறையைப் பகிர்ந்தவர் ஒரு பார்சி. பரோடாவில் தடியோடு வந்தவர்களும் பார்சிகள். இதை நாம் நன்றாக யோசிக்க வேண்டும். ஒரு மதத்தார் நல்லவர், இன்னொரு மதத்தார் கெட்டவர் என்று இதற்கு விளக்கம் சொல்ல முடியாது. சாதி ஊரில் வாழும் எல்லா மதத்தாரையும் சாதி தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்த ஊரை விட்டு வெளியே போன ஒருவருக்கு மனிதராக நடந்துகொள்ள ஒரு வாய்ப்பாவது கிடைக்கிறது.

வாய்ப்புத்தான் கிடைக்கிறது. பயன்படுத்துகிறோமா என்பது வேறு கேள்வி. நான் லண்டனில் ஆய்வு மாணவி. ஆய்வு, நம் தெருப் பெண்கள் சுற்றும் பீடியைப் பற்றியது. போன முதல் வாரம் அறை தேடி, தமிழர்கள் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த எண்ணுக்குப் பேசினேன். குரலைக் கேட்டதும் அந்த அக்காவுக்கு அவ்வளவு சந்தோஷம். "திருநெல்வேலியா? நாங்களும் அந்தப் பக்கம்தான்மா. நீ எந்த ஏரியா?" மேலப்பாளையம் என்றேன். அதன்பின் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை. தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த தலித் தோழர் ஒருவரிடம் இன்னும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். "ஊர்ல எந்தத் தெரு?" என்னை ஊர் பெயரிலேயே கண்டுபிடித்துவிடலாம், அவருக்குத் தெரு வரை போக வேண்டியிருக்கிறது. அளவுகோல் ஒன்றுதான்.

கடைசியில் எனக்கு அறை தந்தவர் கானா நாட்டுக்காரர், மருத்துவமனைச் செவிலியர். எப்போது வருகிறாய், சமையலறை விளக்கை அணைப்பாயா என்ற இரண்டு கேள்விதான் கேட்டார்.

இது வெறும் மனக்குறைதானே, இதற்கெல்லாம் சட்டமா என்பார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. பிரிட்டனில், 2010 சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்ப்பதை 2013இல் நாடாளுமன்றம் அரசின் கடமையாக்கியது. 2018இல் அரசு அதைச் செய்யப்போவதில்லை என்று கைவிட்டது. அப்படிச் சட்டமே வேண்டாம் என்று அங்கே கடுமையாக வாதாடியவர்களில் இந்து அமைப்புகளும் உண்டு. நம்மோடு விமானம் ஏறிய சாதி அங்கே வழக்கறிஞரையும் வைத்துக்கொண்டிருக்கிறது.

இனி, யாருடைய உழைப்பில் நாம் போகிறோம் என்பதைப் பேச வேண்டும். அம்பேத்கர் நியூயார்க்கில் பழைய புத்தகக் கடைகளில் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்த நாள்களில், பம்பாயில் ரமாபாய் கைக்குழந்தையோடு வறுமையில் குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பட்டங்களில் அவர் பெயர் இல்லை. இந்த ஊரில் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சுளவை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை நிரப்பி, ஆயிரம் பீடி சுற்றி முடிக்கும் உம்மாக்களின் பிள்ளைகள்தான் நாம். என் உம்மாவின் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து, ஆதார் மையத்தில் கருவி அவரை அடையாளம் காண மறுத்தது.

ஆனால் உம்மாக்களின் உழைப்பு மட்டும் ஒரு பிள்ளையைக் கடல் தாண்ட வைக்காது. அம்பேத்கருக்கே ஓர் அரசின் பணம் தேவைப்பட்டது. அந்தப் பணம் இன்று என்ன நிலையில் இருக்கிறது? பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. 2022இல் அதன் விதிகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அதில் பணம் கிடையாது என்றார்கள். யோசித்துப் பாருங்கள் தோழர்களே. பண்டைய இந்திய வணிகம், இந்தியாவில் சாதிகள். 22 வயது அம்பேத்கர் இந்தத் தலைப்புகளோடு விண்ணப்பித்தால் அந்த விதியே அவரை வெளியே நிறுத்திவிடும். நீ கடல் தாண்டிப் போ, பொறியியல் படி, ஆனால் உன்னை மிதித்தது எது என்று அங்கே உட்கார்ந்து ஆராயாதே என்பதுதான் அந்த விதியின் பொருள். 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டியை அரசே கட்டும் 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23 முதல் நிறுத்தப்பட்டது. ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். தலித் மாணவருக்கு விதியில் பூட்டு, முஸ்லிம் மாணவருக்குத் திட்டமே இல்லை. இரண்டு பூட்டையும் போட்டது ஒரே கை. இதை எதிர்த்து நாம் தனித்தனியாக மனு எழுதிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

வெளிநாடு போக முடியாதவர்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பெரும்பாலானோர் இங்கேதான் படிக்கப்போகிறோம். பாளையங்கோட்டையைத் 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு' என்பார்கள். மேலப்பாளையத்திலிருந்து பேருந்தில் கொஞ்ச நேரம்தான். அந்த ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு முஸ்லிம் மாணவியோ தலித் மாணவனோ வாடகைக்கு அறை கேட்டுப் பாருங்கள். பரோடா வெகுதூரத்தில் இல்லை என்பது தெரியும். சொந்த வீடு இருந்தாலும் தப்பமுடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகுதான் நீதியரசர் சந்துரு குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்துவிட்டது. பள்ளிகளில் சாதிக்கயிறு உட்பட சாதி அடையாளங்களைத் தடுக்கச் சொன்ன அறிக்கை அது. அதை முழுமையாக நடைமுறைப்படுத்து என்று கேட்பதும், உதவித்தொகையைக் கொடு என்று கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரண்டு பாதிகள்.

கடைசியாக, நம் ஊருக்கு ஒரு கேள்வி. லண்டனில் மேலப்பாளையம் என்றதும் போன் அமைதியானதைச் சொன்னபோது உங்களில் பலருக்குக் கோபம் வந்தது, முகத்தில் பார்த்தேன். அந்தக் கோபம் நியாயமானது. அதே கோபத்தோடு இதையும் கேளுங்கள். நாளைக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் சேர்ந்த ஓர் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் தெருவுக்கு வந்து மாடி அறை காலியா என்று கேட்டால், நாம் எத்தனை கேள்வி கேட்போம்? வாடகை, முன்பணம், எப்போது வருகிறாய் என்பதோடு நிறுத்துவோமா? இல்லை, வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்போமா?

இஸ்லாத்தில் தீண்டாமை இல்லை என்று மேடையில் சொல்வது எளிது. அதை மாடி அறையின் சாவியைக் கொடுத்துச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்னால், வெளியூரிலிருந்து படிக்க வரும் மாணவர்களுக்குச் சாதி, மதம் கேட்காமல் அறை தரத் தயாராக இருக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்றை எழுத ஆரம்பிப்போம். நோட்டு இந்த மேசையில் இருக்கிறது. முதல் பெயராக எங்கள் வீட்டை எழுதியிருக்கிறேன், உம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான். மாடியில் ஓர் அறை இருக்கிறது. மீதிப் பக்கங்கள் காலியாக இருக்கின்றன.