கீறல்கூட விழாத சேதம்



விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வண்டி ஒன்று, நிற்கும் விமானத்தின் பக்கவாட்டில் இடித்துவிடுகிறது. அலுமினிய உடம்பு என்றால் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன் இழைக் கலப்புப் பொருள். பிசினில் தோய்ந்த இழைத்தாள்களை அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைத்த பொருள் அது. அடிபட்டதும் மேற்பரப்பு பழையபடி நிமிர்ந்துவிடலாம். உள்ளே அடுக்குகள் பிரிந்து கிடக்கும்.

பிரிந்த அடுக்குகள் இழுத்தால் ஓரளவு தாங்கும். அழுத்தும்போதுதான் ஆபத்து. சேர்ந்து நின்றவை தனித்தனியாக மெலிந்து, வளைந்து நொறுங்குகின்றன. அதனால் ஆய்வகத்தில் 150 மில்லிமீட்டர் நீளமும் 100 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பலகை மீது உருண்டை முனை கொண்ட எடையை விழவிடுகிறார்கள். பிறகு அதே பலகையை நெருக்கி உடைத்து, எவ்வளவு வலிமை மிஞ்சியது என்று அளக்கிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சேதமே அந்த வலிமையைப் பாதியாக்கிவிடுவது உண்டு.

பறக்க வேண்டிய விமானத்தை உடைத்துப் பார்க்க முடியாதே! பானையைத் தட்டி வாங்குவதுபோல், சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பது ஒரு வழி. நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். இன்னும் நுட்பமாக அறிய மீயொலி உண்டு. பிரிவு இருக்கும் இடத்தில் எதிரொலி முந்தித் திரும்பும். பிரிவின் ஆழமும் பரப்பும் தெரியும். அந்த அளவை ஆய்வகக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் பறக்கலாமா, பழுது பார்க்கலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

வடிவமைப்பவர்கள் கண்ணில் படாத சேதம் இருக்கும் என்றே கணக்குப் போடுகிறார்கள். அதோடும் அந்தப் பாகம், பறக்கையில் எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கைத் தாங்கியாக வேண்டும். ஆனால் வண்டி பலமாக மோதுவது இந்தக் கணக்கில் வராது. அமெரிக்க விமானத்துறை சேதங்களை ஐந்து வகையாகப் பிரித்து, இதைக் கடைசி வகையில் வைத்திருக்கிறது. அங்கே பாதுகாப்பு, மோதலைப் பார்த்தவர் உடனே சொல்வதில்தான் இருக்கிறது.

ஆகவே மோதியதை ஒப்புக்கொள்ளும் ஓட்டுநரைத் தண்டிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவரிடம் கேட்க வேண்டியவை வேறு: எந்த இடத்தில் பட்டது, என்ன வேகம், வண்டியின் எந்தப் பாகம்? ரப்பர் பம்பர் பட்டது என்றால் வெளித்தோலை மட்டும் பார்த்தால் போதாது. அகலமான மென்மையான மோதல் வெளியே தடமே விடாமல் உள்ளிருக்கும் சட்டங்களை முறித்திருக்கலாம். உட்புறப் பலகைகளைக் கழற்றி அவற்றையும் பார்த்தாக வேண்டும்.