மாயாவியின் வலது கை
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலர்க்குழுவினர் என்னிடம், "மெக்கானிக்கல் படிச்சவன், ஏதாவது தொழில்துறை வளர்ச்சி பற்றிப் பேசு" என்றுதான் கேட்டார்கள். காமிக்ஸ் பற்றிப் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, "சரி, சுருக்கமா பேசு" என்றார்கள். தொழில்துறையும் இதில் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரன். 1988-ல் பிறந்தவன். எங்கள் வீட்டுப் பரணில் சித்தப்பாவின் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. திறந்தால் அந்துருண்டை வாசனை, உள்ளே அடுக்கடுக்காய் முத்து காமிக்ஸ். எட்டு வயதில் அவர் சேர்க்க ஆரம்பித்ததாம். கடலூர் பஸ் ஸ்டாண்டுக் கடை, புதுச்சேரிப் பழைய புத்தகக் கடை, வில்லியனூர்த் தேரோட்டத்துக்குப் போனால் அங்கே சாக்கு விரித்து விற்பவர், எங்கே கிடைத்தாலும் வாங்கியிருக்கிறார். தேர்க்காசு வேறு எதற்கும் செலவானதில்லை என்று பாட்டி சொல்லும்.

முத்து காமிக்ஸ் 1972-ல் சிவகாசியில் பிறந்தது. தொடங்கியவர் சௌந்தரபாண்டியன். ஆரம்ப கால ஆசிரியர் முல்லை தங்கராசன். முதல் இதழின் பெயரே 'இரும்புக்கை மாயாவி'. அதற்குப் பிறகு 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்', 'பாம்புத் தீவு' என்று மாயாவி வந்துகொண்டே இருந்தார். பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன ஊரிலிருந்து கையடக்கமான ஒரு புத்தகம் புறப்பட்டு, பஸ் ஏறி, எங்கள் பாகூர் ஏரிக்கரை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது, பாருங்கள். விளம்பரமாவது, ஒன்றாவது! ஒரு பையன் படித்துவிட்டு அடுத்த பையனிடம் சொன்னான், அவ்வளவுதான்.

மாயாவியின் பூர்வீகம் இங்கிலாந்து. 1962 அக்டோபர் 6-ல் வெளிவந்த 'வேலியன்ட்' வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே 'ஸ்டீல் க்ளா' என்ற தொடராக ஆரம்பித்தார். வெளியிட்டது பிளீட்வே நிறுவனம். முதலில் எழுதியவர் அறிவியல் கதை எழுத்தாளர் கென் புல்மர், பின்னால் டாம் டல்லி. படம் போட்டவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் நாட்டுக்காரர், பார்சிலோனாவில் பிறந்தவர், 1995-ல் காலமானார். வெள்ளைக்காரன் பத்திரிகைக்கு ஸ்பெயின்காரர் வரைந்ததைச் சிவகாசியில் தமிழாக்கி அச்சடித்து, பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன மண்ணில் உட்கார்ந்து நாங்கள் படித்தோம்.

கதை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும், தெரியாத தம்பிகளுக்காகச் சொல்கிறேன். லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் சோதனைக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய்விடுகிறது. இரும்புக்கை பொருத்துகிறார்கள். மறுபடியும் சோதனைக்கூடத்தில் ஒரு வெடிப்பு. கடும் மின்சாரம் உடம்பில் பாய, ஆள் மறைந்துவிடுகிறார். இரும்புக்கை மட்டும் மறைவதில்லை! அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வந்து கதவைத் திறக்கும். பிளாஸ்கோவின் கறுப்பு மையில் அதைப் பார்த்தவர்கள் ராத்திரி கொல்லைப்பக்கம் தனியாகப் போகமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து உடம்பு திரும்பத் தெரிய ஆரம்பித்துவிடும். மறைய வேண்டுமென்றால் மறுபடி ஷாக் வாங்க வேண்டும்.

இன்றைய சூப்பர் ஹீரோ ரசிகர்கள் கவனிக்க வேண்டியது, கிராண்டேல் முதலில் நல்லவர் இல்லை. சக்தி வந்ததும் திருடப் புறப்படுகிறார், ஊரையே மிரட்டுகிறார். பிறகுதான் திருந்தி, 'நிழற்படை' என்ற உளவுப் படையில் சேருகிறார். அங்கே அந்தக் கைக்குள்ளேயே துப்பாக்கி, ரேடியோ என்று ஒவ்வொன்றாய்ச் சேர்க்கிறார்கள். இடையில் ஒரு காலகட்டத்தில் மற்ற சூப்பர் ஹீரோக்களைப் பார்த்து இவருக்கும் ஒரு விசேஷ உடை மாட்டிவிட்டார்கள். என் சொந்த அபிப்பிராயம், அது வேண்டாத வேலை. கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, பிளக்கில் விரலை விட்டு மறையும் மாயாவிதான் மாயாவி.

பிளக்கில் விரலை விடுவது என்றதும் நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்படியானால் நீங்களும் யோசித்தவர்கள்தான்! நான் யோசனையோடு நிற்கவில்லை. ஒன்பது வயதில் போர் மோட்டார் கொட்டகைக்குப் போய் ஸ்டார்ட்டர் பெட்டி மூடியைத் திறந்துவிட்டேன். உள்ளே 440 வோல்ட், த்ரீ பேஸ். அப்பா பின்னாலிருந்து முதுகில் வைத்த அறையில்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். எலெக்ட்ரிகல் துறை நண்பர்களுக்குத் தெரியும், வீட்டு ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடுகிறது. அதற்கு மேல் போனால் மனிதன் மறைவது வேறு விதம்.

இனி சித்தப்பா கதை. 1998. அவர் ஒரு தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். கம்பெனி பெயர் வேண்டாம். பழைய பவர் பிரஸ், கால் பெடலில் ஓடுவது. கையால் ஷீட்டை டைக்குள் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும். ஒரு மிதிக்கு ஒரு அடி. கிளட்ச் தேய்ந்த மிஷினில் சில நேரம் ஒரு மிதிக்கு இரண்டு அடி விழும். இரண்டாவது அடி விழும்போது சித்தப்பாவின் வலது கை அடுத்த ஷீட்டோடு உள்ளே இருந்தது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "டேய், பரண்ல இருந்து அந்தப் பெட்டிய எறக்கு" என்றார். மாயாவி புத்தகத்தை எடுத்து நீட்டினேன். அம்மாவுக்கு வந்ததே கோபம். "கை போனவர் கையில போயி அந்த பொஸ்தகத்த குடுக்கறியே, உனக்கு அறிவு இருக்கா?" சித்தப்பாதான், "உடுங்க அண்ணி, நான்தான் கேட்டேன்" என்றார். இடது கையில் புத்தகத்தைப் பிடித்தால் பக்கம் புரட்ட முடியவில்லை. அதனால் நான் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினேன். அப்படி அந்தப் பெட்டி முழுவதும் படித்தோம்.

ஒருநாள் பாதியில் நிறுத்தச் சொன்னார். "இன்னாடா இது, இத்தினி புக்கு படிச்சோமே, இவன் சாப்பிடறத எங்கியாவது காட்டுனானா? சட்டைப் பொத்தான் போடறத? வேட்டி கட்டறத?" நான் தேடிப் பார்த்தேன். பெட்டியிலிருந்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. "எல்லாத்தையும் மறைச்சிட்டு கைய மட்டும் காட்டறான். நெசத்துல கைய மட்டுந்தாண்டா எல்லாரும் பாப்பான், ஆள பாக்க மாட்டான்" என்றார். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

அவருக்கும் ஒரு செயற்கைக் கை கிடைத்தது. தோல் நிறத்தில், பார்க்க மட்டுமே. ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காது. கல்யாணம் காட்சிக்கு மாட்டிக்கொள்வார், மற்ற நாளில் ஆணியில் தொங்கும். கம்பெனியில் அவரை ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. 'நஷ்டஈடு' என்று கொடுத்த பணத்தில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெட்டிக்கடை போட்டார். கயிற்றில் கிளிப் போட்டு லயன், முத்து, ராணி காமிக்ஸ் தொங்கும். வாங்கினாலும் சரி, அங்கேயே நின்று படித்தாலும் சரி.

ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டுமே 1984 ஜூலையில் தொடங்கியவை. ராணியில் முகமூடி வீரர் ஒருவருக்கும் 'மாயாவி' என்றே பெயர். உங்கள் மாயாவி பெரியவனா எங்கள் மாயாவி பெரியவனா என்று கடை வாசலில் சட்டை கிழிந்த சண்டைகள் உண்டு. லயனைத் தொடங்கியவர் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், அப்போது இருபது வயதைக்கூடத் தொடாதவர். முதல் இதழ் 'கத்தி முனையில் மாடஸ்டி'. அந்த ஆண்டே 'எத்தனுக்கு எத்தன்' என்று ஸ்பைடரை இறக்கினார். கிரிமினல்களின் சக்கரவர்த்தி ஆகத் துடிக்கும் கூர்க்காதுக்காரன், கூட பெல்ஹாம், ஆர்டினி என்று இரண்டு எடுபிடிகள், பறக்கும் ஹெலிகார். இவனும் பின்னால் நீதியின் பக்கம் வந்தவன்தான். இங்கிலாந்தில் 1965-ல் தொடங்கிய இந்த ஸ்பைடரின் கதைகளைப் பெருமளவு எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். அந்த சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்குக் கொடுத்துவிட்டுப் பிற்பாடு வழக்காடிக் களைத்த மனிதர். நஷ்டஈட்டுக் கணக்கில் எங்கள் சித்தப்பாவுக்கு அவர் ஒரு வகையில் சொந்தம்.

2005-ல் ராணி காமிக்ஸ் நின்றது. லயனும் முத்துவும் எப்போது வரும், எப்போது வராது என்றே தெரியாத காலம் ஒன்று வந்தது. கயிறு காலியானது, ஷாம்பு பாக்கெட் தொங்கியது. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் 'லயன் கம்பேக் ஸ்பெஷல்' வந்ததே, அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றேன். 2022-ல் முத்து காமிக்ஸுக்கு ஐம்பது வயது நிறைந்தது. இங்கிலாந்தில் பழைய ஸ்டீல் க்ளா தொடரை ரெபல்லியன் நிறுவனம் 2021-ல் புத்தகமாகவே போட்டது. ஆனால் 'வேலியன்ட்' 1976-லேயே நின்றுவிட்டது. மாயாவியை விடாமல் கொண்டாடியது நாம்தான்.

நான் 2009-ல் இங்கே படித்து முடித்தேன். இப்போது என் வேலை மிஷின்களுக்குப் பாதுகாப்பு அமைப்பது. பிரஸ்ஸில் இரண்டு கைப் பொத்தான் வைப்போம். இரண்டு பொத்தானையும் அரை விநாடிக்குள் ஒன்றாக அழுத்தினால்தான் அடி விழும். அழுத்தும்போது இரண்டு கையும் வெளியே இருந்தாக வேண்டும் அல்லவா? ஓட்டுகிறவர்கள் சும்மா இருப்பார்களா, பீஸ் ரேட் கூலி! ஒரு பொத்தானை சைக்கிள் டியூப்பால் கட்டிவிட்டு ஒரே கையால் ஓட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால்தான் ஓடும்படி ரிலே போடுகிறோம். வசதியுள்ள இடங்களில் ஒளித்திரை. கதிரில் கை குறுக்கிட்டால் மிஷின் நின்றுவிடும். இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே சொன்னது. சித்தப்பா கை போனபோது அந்தச் சட்டத்துக்கு ஐம்பது வயது.

முதல் முதலாய் நான் பொருத்திய பிரஸ்ஸைப் பற்றிச் சித்தப்பாவிடம் பெருமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப ரெண்டு கையும் இருக்கறவந்தான் அந்த மிஷினு கிட்ட நிக்க முடியும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஒரு கை உள்ளவர் பாதுகாப்பாக ஓட்டுகிற மாதிரி ஒளித்திரையும் தானாகத் தள்ளும் அமைப்பும் சேர்த்து ஒன்று செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை. இங்கே கடைசி வருஷ புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் தம்பி தங்கைகள் யாராவது இருந்தால் விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.

சித்தப்பாவுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. பெட்டியில் ஒரு மாயாவி புத்தகத்துக்குக் கடைசி நாலு பக்கம் இல்லாமல் இருந்தது. என்னோடு படித்த நண்பன் ஒருவன் எங்கோ தேடிப்பிடித்து முழுப் பிரதி கொண்டுவந்தான். ஓடிப்போய்க் கொடுத்தேன். வாங்கி மூடி வைத்துவிட்டார். "நாப்பது வருசமா அதுக்கு நான் ஒரு முடிவு வெச்சிருக்கேன். அத ஏன்டா கெடுக்கற?" என்றார்.

தகரப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. படிக்க ஆசைப்படுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். புத்தகம் வெளியே தருவதில்லை, அது சித்தப்பா போட்ட கண்டிஷன்.