கரிப் பெட்டியின் துரு



இலங்கையில் நிலக்கரி தோண்டும் சுரங்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் கோச்சி கிளம்பிய நாளிலிருந்து, டீசல் என்ஜின்கள் வந்து இடம் பிடிக்கும் வரைக்கும், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நம்முடைய கோச்சி கரியை நம்பித்தான் ஓடியது. அவ்வளவு கரியும் கப்பலில் வந்து சேர்ந்தது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்திலிருந்து வந்தது, வங்காளத்திலிருந்து வந்தது. கொழும்புத் துறைமுகத்தில் அதைக் கூடை கூடையாகச் சுமந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஏராளம். பிறகு அந்தக் கரியே என்ஜினின் வயிற்றில் எரிந்து, பட்டிப்பொலயில் கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரம் ஏறி, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று இறங்கி, தெமோதரையைச் சுற்றிக்கொண்டு பதுளைக்குப் போனது.

இன்றைக்கு நான் பேச வந்தது அந்தக் கரியைச் சுமந்த பெட்டிகளைப் பற்றி. அவற்றைக் கையளவு மாதிரியாகச் செய்வதைப் பற்றியும் பேசப்போகிறேன். விளையாட்டுச் சாமானுக்கு ஒரு வானொலி உரையா என்று சிலர் கேட்கலாம். ஒரு பழைய வேலைப் பெட்டியை உள்ளது உள்ளபடி செய்து பார்த்தவருக்கு, அதில் உழைத்த கைகள் எங்கெங்கே பட்டன என்று தெரிந்துவிடும். எத்தனையோ புத்தகங்களில் இல்லாத செய்தி அது.

முதலில் கார்டிஃப் பக்கம் போவோம். பிரித்தானியாவின் கரிப் பெட்டி மிக எளிமையானது. நான்கு சக்கரம், மேலே கூரை இல்லாத மரத் தொட்டி, பக்கவாட்டில் கதவுகள். துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளுக்கு ஒரு முனையின் சுவரே கதவு. மேலே கீல் வைத்துத் தொங்கும். பெட்டியை அப்படியே ஒரு மேடையில் ஏற்றிச் சாய்ப்பார்கள். முனைக் கதவு திறந்து, கரி கப்பலின் வயிற்றுக்குள் சரியும். நம் ஊரில் கூடையில் இறங்கிய கரி, அங்கே இப்படித்தான் ஏறியது.

அந்தப் பெட்டிகளில் பெரும்பகுதி ரெயில்வேக்குச் சொந்தமானதல்ல. சுரங்க முதலாளிகளும் கரி வியாபாரிகளும் தாங்களே செய்வித்து வைத்திருந்தவை. பக்கச் சுவர் முழுக்க முதலாளியின் பெயர், பெரிய எழுத்தில், சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக. 1923இல் இவற்றுக்கு ஒரு பொது அளவு வகுத்தார்கள்: நீளம் பதினாறரை அடி, சக்கரத்துக்குச் சக்கரம் ஒன்பது அடி, சுமை 12 தொன். 1948இல் அங்கே ரெயில்வே அரசுடைமையானபோது, இப்படித் தனியார் கையிலிருந்து வந்து சேர்ந்த பெட்டிகள் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் மேல். பிறகு மரம் போய் இரும்பு வந்தது. 16 தொன் இரும்புப் பெட்டிகளை இலட்சக்கணக்கில் செய்தார்கள்.

மாதிரி செய்கிறவர்கள் வழுக்கி விழும் இடமும் இங்கேதான் இருக்கிறது. குளொஸ்டர் நகரத்துப் பெட்டித் தொழிற்சாலை, தான் செய்த பெட்டிகளை வர்ணம் காய்ந்த கையோடு படம் பிடித்து வைத்தது. அருமையான படங்கள். ஆனால் அவை மணவறையில் எடுத்த கல்யாணப் படங்கள். அந்தப் பெட்டி அந்த அழகோடு ஒரு மாதமாவது ஓடியிருக்குமா என்பது சந்தேகம். படத்தைப் பார்த்துப் பளபளப்பாக வர்ணம் அடித்தால் கடைச் சாமான்தான் கிடைக்கும், கரிப் பெட்டி கிடைக்காது.

சரி, கரிப் பெட்டி எப்படித்தான் பழசாகும்? வேலையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கரியில் கந்தகம் உண்டு. மழையில் நனைந்த கரியிலிருந்து வடியும் தண்ணீர் அமிலமாகி இரும்பைத் தின்னும். ஆகவே இரும்புப் பெட்டி உள்ளேயிருந்து வெளியே துருப்பிடிக்கும். தரையும், சுவரின் அடிப்பாகமும், தகடுகள் ஒட்டும் மூலையும் முதலில் போகும். ஓட்டை விழுந்த இடத்தில் ஒட்டுத் தகடு வைத்துப் பற்றவைப்பார்கள். அந்த ஒட்டு, சுற்றியுள்ள இரும்பை விடப் புதிதாகத் தெரியும். வெளிச் சுவரில் துரு, கீல் இருக்கும் இடத்திலும் மண்வெட்டி இடித்த இடத்திலும் தொடங்கி, மழைநீர் வழிந்த வழியே கீழே கோடு இழுக்கும். எங்கு பார்த்தாலும் ஒரேயளவாகத் துருவைத் தெளித்தால் பார்க்கிற கண் நம்பாது.

மரப் பெட்டிக்கு வேறு சட்டம். உடைந்த பலகையை மட்டும் கழற்றிப் புதுப் பலகை போடுவார்கள், அதற்கு வர்ணம் அடிக்க யாருக்கும் நேரம் இருக்காது. எனவே முதலாளியின் பெயரில் ஓர் எழுத்தின் நடுப்பாகம் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு பலகையும் ஒரு சாயல் கூடக் குறைய இருக்கவேண்டும். வெறும் மரம் வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் நிறமாகும், மண்நிறமாக இருக்காது. உட்புறம் கரும் கறுப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். கரியைக் கொட்டிக் கொட்டி, மண்வெட்டியால் சுரண்டிச் சுரண்டி, உட்புறம் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்துக்கு வந்துவிடும். கறுப்புத் தூள் மூலைகளில் மட்டும் தங்கும். சக்கரம் முழுதும் பிரேக்குத் தூளின் பழுப்பு. தண்டவாளத்தைத் தொடும் விளிம்பு மட்டும் வெள்ளி மாதிரி மின்னும். அந்த மினுக்கு இல்லாவிட்டால் பெட்டி ஓடவில்லை என்று அர்த்தம்.

செய்யும் வழியும் கடினமல்ல. முதலில் துரு நிறத்தை அடியில் பூசிக் காயவிடுங்கள். அதன் மேல் தலைமயிருக்கு அடிக்கும் ஸ்பிரேயை இலேசாக அடியுங்கள். அது காய்ந்ததும் தண்ணீரில் கரையும் சாம்பல் வர்ணத்தைப் பூசுங்கள். கொஞ்ச நேரம் கழித்து, நனைந்த தூரிகையால் வேண்டிய இடத்தில் தேய்த்தால், அடியிலுள்ள ஸ்பிரே கரைந்து மேல் வர்ணம் செதில் செதிலாக உரியும். துரு வெளியே எட்டிப் பார்க்கும். எங்கே தேய்ப்பது என்பதை மட்டும், நான் முன்னே சொன்ன வேலைத் தடங்களைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

ஏற்றும் கரிக்கு வருவோம். வெளிநாட்டில் உண்மையான நிலக்கரியையே இடித்துப் போடுவார்கள், அதற்கு ஈடில்லை. நமக்கு அது கிடைப்பது அரிது. விறகுக் கரி வேண்டாம், அதில் ஒளி இருக்காது. நன்றாக எரித்த சிரட்டைக் கரி இருக்கிறதே, அதை உடைத்தால் உடைந்த முகம் பளபளக்கும். நிலக்கரியின் மினுக்கத்துக்கு மிகக் கிட்டே வரும். இடித்துச் சல்லடையில் சலித்து, தூளையும் கட்டியையும் பிரித்துக்கொள்ளுங்கள். இஸ்டோரில் தேயிலை சலித்தவர்களுக்கு இதை நான் கற்றுத்தரத் தேவையில்லை. பெட்டிக்குள் ஒரு ரெஜிஃபோம் துண்டை மேடாகச் செதுக்கி வைத்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைப் பூசி, மேலே கரியைத் தூவவேண்டும். சுரங்கத்துச் சரிவு வாய்க்காலிலிருந்து விழுந்த கரி நடுவில்தான் குவியும். கரையோடு கரையாகச் சமமாக நிரவிவிடாதீர்கள்.

இனி நம்முடைய பாதைக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த கணக்கு ஒன்று இங்கே இருக்கிறது.

பிரித்தானியாவில் தண்டவாளங்களுக்கு இடையே 4 அடி எட்டரை அங்குலம். அங்கே மாதிரி செய்கிறவர்களில் பெரும்பாலோர், ஓர் அடிக்கு 4 மில்லிமீற்றர் என்று வைத்துச் செய்கிறார்கள். அப்படியானால் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 18.83 மில்லிமீற்றராக இருக்கவேண்டும். ஆனால் கடையில் விற்பது 16.5 மில்லிமீற்றர். பழைய காலத்தில், ஒடுங்கிய பிரித்தானிய என்ஜினுக்குள் மோட்டார் அடங்கவில்லை என்பதால் உடலைப் பெரிதாக்கிவிட்டு, பாதையை மட்டும் ஐரோப்பிய அளவிலேயே விட்டுவிட்டார்கள். அந்தக் கோணல் இன்று வரைக்கும் நிமிரவில்லை. மனம் ஒப்பாதவர்கள் தங்கள் கையாலேயே அகலப் பாதை போட்டுக்கொள்கிறார்கள்.

நம்முடைய பாதை ஐந்தரை அடி அகலம். ஓர் அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று வையுங்கள். ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் பதினாறரை. அங்கே அவர்களுக்குப் பொருந்தாத அதே 16.5 மில்லிமீற்றர் பாதை, நமக்கு இம்மியும் பிசகாமல் பொருந்துகிறது. உலகத்தில் மிக மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம், தெமோதரைக்கென்றே வார்த்த மாதிரி இருக்கிறது.

வளைவும் அப்படித்தான். மலைநாட்டுப் பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி. மூன்றால் பெருக்கினால் 990 மில்லிமீற்றர், சொல்லப்போனால் ஒரு மீற்றர். சமவெளிப் பாதைகளைச் செய்கிறவர்களுக்கு உண்மையான வளைவைக் கொண்டுவர ஒரு மண்டபமே போதாது. நமக்கு ஓர் அறை போதும். இந்த வளைவுகளுக்காகத்தான் மான்செஸ்டரின் பேயர்-பீகொக் நிறுவனத்திடமிருந்து, நடுவில் கொதிகலனும் இரு முனையிலும் தனித்தனிச் சக்கரத் தொகுதியும் கொண்ட கரட் என்ஜினை 1927இல் தருவித்தார்கள். ஒரு பாரமான சாமான் கோச்சியை 44 அடிக்கு ஓர் அடி ஏறும் மேட்டில் இழுத்துக்கொண்டே வளையவும் வேண்டுமே!

தெமோதரை வளையத்தைப் பற்றி நம்மவர்கள் ஒரு கதை சொல்வார்கள். பாதையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் துரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாராம். பக்கத்தில் ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து, மறுபடி சுற்றிக் கட்டினாராம். அதைக் கண்ட துரைக்கு யோசனை பிறந்ததாம். கதைதான். ஆனால் அந்தப் பாதையில் மண் வெட்டியவர்களும் கல் சுமந்தவர்களும் தங்கள் பங்கைச் சொல்லிவைக்கக் கண்டுபிடித்த வழி அது என்பதால், எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. 1921இல் பாதை தெமோதரைக்கு வந்தது. 1924இல் பதுளையைத் தொட்டது. நிலையத்திலிருந்து கிளம்பும் கோச்சி மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் புகுந்து போகிறது.

இந்த வளையத்தின் நீளம் சுமார் 900 மீற்றர் என்பார்கள். நம்முடைய அளவில் அது ஒன்பது மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 44க்கு ஒன்று என்ற சரிவில் ஒரு சுற்றுக்குள் 20 சென்றிமீற்றர் இறங்கலாம். மேலே நிலையமும் கீழே சுரங்கமும் தாராளமாக அடங்கும். ஒரு பாடசாலை வகுப்பறையின் ஒரு பக்கம் கிடைத்தால் தெமோதரை முழுவதையும் செய்துவிடலாம். பெட்டிகளை அளவுக்கு மீறிப் பாரமாக்காதீர்கள். சிறிய என்ஜினும் இந்த மேட்டில் மூச்சு வாங்கும்.

பாதைக்கு மேலே ஓடவேண்டியது எது? அங்கேதான் நம்மிடம் குறை இருக்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை உலகமே படம் பிடிக்கிறது. 1954இல் கனடாவிலிருந்து வந்த எம்-2 டீசல் என்ஜினுக்குக்கூட இரசிகர்கள் இருக்கிறார்கள். கடுகண்ணாவ ரெயில்வே அருங்காட்சியகத்தில் என்ஜின்களைப் போய்ப் பார்க்கலாம். அரிசியும் உரமும் மேலே கொண்டுவந்து, தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுபோன சாதாரணச் சாமான் பெட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தோட்டத்து மக்களின் வாழ்க்கையில் பிரயாணப் பெட்டியை விட அதற்குத்தான் வேலை அதிகம். அதன் நீளம் என்ன, கதவு எப்படித் திறக்கும், இலங்கை அரசாங்க ரெயில்வேயைக் குறிக்கும் சி.ஜி.ஆர். என்ற எழுத்து எந்த இடத்தில் இருந்தது, எந்தப் பலகை முதலில் உக்கும்? பிரித்தானியாவின் கரிப் பெட்டிக்கு இவை அத்தனையும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்முடையதை நாம்தான் எழுதவேண்டும்.

ஆகவே பதுளை, ஹாலி-எல, தெமோதரைப் பக்கத்து நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் ரெயில்வேயில் வேலை செய்த பெரியவர் இருந்தால், சாமான் பெட்டியைப் பற்றிக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய படம் இருந்தால் அதன் பின்னால் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். நிலைய வளவுகளில் ஒதுங்கிக் கிடக்கும் பெட்டியைக் கண்டால், நிலைய அதிபரிடம் அனுமதி கேட்டு, நாடா பிடித்து அளவெடுங்கள். துருவையும் சேர்த்துப் படம் எடுங்கள். ஓடும் பாதையில் மட்டும் இறங்க வேண்டாம்.